ஆராய்ச்சி மாணவருக்குக் கதவு திறப்பதா?

நம் நெசவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்குச் சென்ற மாதம் ஒரு விண்ணப்பம் வந்தது. கணினியியலில் பட்ட மேற்படிப்புப் படிக்கும் மாணவி ஒருவர், தம்முடைய ஆராய்ச்சிக்காக நான்கு மாத காலம் நம் தறிகளின் அருகே அமர்ந்து பார்க்கவும், நெய்த துணிகளைப் படம் எடுக்கவும், நெசவாளரிடம் சில கேள்விகள் கேட்கவும் அனுமதி வேண்டி எழுதியிருக்கிறார். கடிதம் பணிவாகவும் தெளிவாகவும் இருந்தது. ஆயினும் குழுவில் கருத்து ஒருமைப்படவில்லை. "முன்பு பட்டது போதாதா?" என்று இருவர் கேட்டனர். வரும் மகாசபையில் அங்கத்தினர் எல்லோருமாகத் தீர்மானிக்கட்டும் என்று விடப்பட்டது. பக்கத்து ஊர் விவசாயிகள் சங்கத்துக்கும் இதே போன்றதொரு கடிதம் வேறொரு மாணவரிடமிருந்து, வாழையிலை நோய்களைப் பற்றி, வந்திருப்பதாக அறிகிறேன். ஆதலின் இது ஒரு சங்கத்தின் வீட்டு விஷயம் அன்று. இப்பத்திரிகையைப் படிக்கும் சங்கங்கள் பலவற்றின் வாசலுக்கும் இன்றோ நாளையோ இத்தகைய மாணவர் ஒருவர் வந்து நிற்பார்.

"முன்பு பட்டது" இன்னதென்று அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியிலிருந்து மாணவர் ஒருவர் வந்தார். துணியிலுள்ள நெசவுக் குறைகளை மனிதக் கண்ணின் துணையின்றிக் கணினியே கண்டுபிடிக்கும்படி செய்வது அவருடைய ஆராய்ச்சி. நல்ல பிள்ளை, அதில் ஐயமில்லை. நம் கிடங்கின் மேசையில் துணிகளை விரித்து வைத்து மூன்று மாதம் படம் எடுத்தார். பாவு இழை அறுந்த இடம் எது, ஊடை விட்டுப்போன இடம் எது, சாயம் திட்டாக ஏறிய இடம் எது என்று நம் மூத்த நெசவாளர் ஒருவர் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றையும் சாக்கட்டியால் வட்டமிட்டுக் காட்டினார். "இது பன்னையின் குற்றம், தம்பி, இது கையின் குற்றம்" என்று அவர் பிரித்துச் சொன்னதையெல்லாம் மாணவர் குறித்துக்கொண்டார். நாற்பது ஆண்டு தறியில் உட்கார்ந்தவருக்குத்தான் அந்த வேறுபாடு தெரியும். பிறகு அம்மாணவருக்குப் பட்டம் கிடைத்தது என்று கேள்விப்பட்டோம். அவரிடமிருந்து ஒரு கடிதம் இல்லை. எடுத்த படங்களில் ஒரு பிரதி இல்லை. கணினி கற்றுக்கொண்டதா இல்லையா என்ற செய்தி கூட இல்லை. கல்லூரிக்கு இருமுறை எழுதினோம். அந்த மாணவர் படிப்பு முடித்துப் போய்விட்டார் என்பதே பதில். அப்போது சங்கத்தின் செயலாளராக இருந்தவன் நான். எழுத்தில் ஒன்றும் வாங்காமல் விட்ட பிழை என்னுடையது.

இதையெல்லாம் அனுபவித்தவனாகிய நானே, இந்த மாணவிக்கு அனுமதி கொடுக்க வேண்டும் என்று எழுத முன்வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கதவை மூடுவதால் நமக்கு நட்டமே தவிர லாபம் இல்லை என்பதும், நிபந்தனையின்றித் திறப்பது மூடுவதைக் காட்டிலும் மோசமானது என்பதும் என் கருத்து.

முதலில், ஆராய்ச்சி மாணவர் என்பவர் யார், அவர் செய்வது என்ன என்று தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நமக்குள் ஏற்பட்ட கசப்பில் பாதி, அவரிடம் எதை எதிர்பார்ப்பது என்று தெரியாமையால் வந்தது. பட்ட மேற்படிப்பு மாணவருக்கு ஓராண்டோ ஈராண்டோ காலம் உண்டு. முனைவர் பட்டம் நாடுபவருக்கு நான்கைந்து ஆண்டுகள். ஒரு பேராசிரியரின் வழிகாட்டலில் அவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறார். விடை காண்பதற்காக ஒரு கருவியையோ நிரலையோ செய்து பார்க்கிறார். அது எவ்வளவு சரியாக வேலை செய்கிறது என்று அளக்கிறார். அளந்ததை ஆய்வேடாக எழுதுகிறார். தேர்வாளர் கேட்பது அந்த ஆய்வேட்டையே. கருவி நாளைக்கும் ஓடுமா, யார் அதைப் பழுது பார்ப்பார் என்று அவர்கள் கேட்பதில்லை.

நாம் புதிய சேலைக்கு நிறம் பார்க்க ஒரு முழம் மாதிரி நெய்கிறோமே, அதைப் போன்றது இது. மாதிரித் துணியை யாரும் கட்டிக்கொள்வதில்லை. பாவில் இந்தப் பச்சையும் ஊடையில் அந்தச் சிவப்பும் சேர்ந்தால் என்ன நிறம் எழும் என்று தெரிந்துகொள்வதோடு அதன் வேலை முடிந்தது. மாதிரி நெய்தவனிடம் போய் "முழுச் சேலை எங்கே?" என்று கேட்பது அறியாமை. ஆனால் மாதிரிக்கு நூல் கொடுத்தவன், "நிறம் எப்படி வந்தது? எனக்கும் காட்டு" என்று கேட்பது நியாயம் அன்றோ? நாம் கேட்கத் தவறியது அதைத்தான்.

சில மாதிரிகள் உலகத்தையே மாற்றியும் இருக்கின்றன. கிளாட் ஷானன் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதுகலை மாணவராக இருந்தபோது, 1937இல் ஓர் ஆய்வேடு எழுதினார். மின் இணைப்பைத் திறந்து மூடும் சாதாரண விசைகளைக் கொண்டு தர்க்க சாஸ்திரத்தின் 'ஆம்', 'இல்லை' என்பவற்றைக் கணக்கிட முடியும் என்று அதில் காட்டினார். அப்போது அவருக்கு வயது 21. இன்று நம் சட்டைப் பையிலிருக்கும் செல்பேசி வரை அந்தத் தத்துவத்தின் மேல்தான் நிற்கிறது. ஜக்கார்டு தறியில் அட்டையின் துளை உண்டா இல்லையா என்பதைக் கொண்டு பாவு இழை எழுவதும் எழாதிருப்பதும் தீர்மானமாவதை நாள்தோறும் காணும் நமக்கு, இது விளங்காத விஷயம் அன்று. அட்டைக் கட்டைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தமது கணக்குப் பொறிக்கும் துளையட்டைகளை வைக்க எண்ணினார். ஆக, இந்தச் சாஸ்திரத்துக்கும் தறிக்கும் உறவு இன்று ஏற்பட்டதன்று.

ஷானனின் மாதிரி எல்லோருக்கும் பயன்பட்டது. வேறொரு மாதிரியின் வரலாறு நமக்கு இன்னும் நெருங்கிய பாடம் சொல்கிறது. 1990களின் நடுவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இரு முனைவர் பட்ட மாணவர்கள், வலைப்பக்கங்களுள் எது முக்கியமானது என்று கண்டுபிடிக்க ஒரு முறை வகுத்தனர். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டிக்காட்டுகின்றன, சுட்டுகிற பக்கங்களின் தகுதி என்ன என்று எண்ணிப் பார்ப்பதே அம்முறை. அந்த ஆராய்ச்சி அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் நிறுவனத்தின் பொருளுதவியோடு நடந்தது. 1998இல் அது கூகுள் என்னும் கம்பெனியாயிற்று. காப்புரிமை பல்கலைக்கழகத்தின் பேரில் இருந்ததால், அதற்கு ஈடாகப் பல்கலைக்கழகம் பங்குகளைப் பெற்று, 2005இல் விற்று, 33 கோடியே 60 லட்சம் டாலர் ஈட்டியது. மாணவர்கள் பெருஞ்செல்வரானார்கள். பல்கலைக்கழகமும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததால் தன் பங்கை வாங்கிக்கொண்டது. இதில் யாரும் தவறு செய்யவில்லை. ஆனால் அம்மாணவர் எண்ணிய சுட்டுகளையெல்லாம் போட்டு வைத்தவர் யார்? உலகெங்கும் தத்தம் பக்கங்களை எழுதிய இலட்சக்கணக்கான மக்கள். நூல் அவர்களுடையது. அவர்களிடம் ஒப்பந்தம் ஒன்றும் இல்லை. அவர்களுக்குப் பங்கும் இல்லை.

எல்லா மாணவரும் கூகுள் செய்துவிடப் போவதில்லை. ஆயிரத்தில் ஒருவர் கூடச் செய்வதில்லை. எனினும் யார் கையில் எழுத்து இருந்ததோ அவர்தான் பங்கு பெற்றார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

விவசாயிகள் சங்கத்தாருக்கு ஒரு விஷயம். வாழையிலை மாணவர் வரும்போது அவர் பெரும்பாலும் ஒரு சதவீதக் கணக்கைச் சொல்வார். "இயந்திரம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகச் சொல்கிறது" என்பார். அவர் பொய் சொல்கிறார் என்று எண்ண வேண்டாம். ஆனால் எந்த இலையைக் காட்டிக் கேட்டபோது என்று வினவுங்கள். 2016இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்துத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த சரத பிரசன்ன மொகந்தியும் மூத்த ஆராய்ச்சியாளர் இருவரும் செய்தது. 54,306 இலைப் படங்களைக் கணினிக்குக் காட்டி, 14 பயிர்களையும் 26 நோய்களையும் அடையாளம் காணப் பழக்கினார்கள். சோதனையில் 99.35 சதவீதம் சரியாக வந்தது. இந்தச் செய்தி உலகெங்கும் பரவியது.

ஆனால் அந்தக் கட்டுரையிலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. பழக்கக் காட்டிய படங்கள் எல்லாம் செடியிலிருந்து இலையைக் கிள்ளி, சாம்பல் நிற அல்லது கறுப்புத் தாளின் மேல் வைத்து எடுத்தவை. வேறு இடங்களில், வேறு நிலைமைகளில் எடுத்த நூற்றுச் சொச்சம் படங்களைக் காட்டியபோது, அதே இயந்திரம் 31 சதவீதமே சரியாகச் சொல்லிற்று! கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 3 சதவீதம் கூடத் தேறாத சோதனை அது. ஆதலால் 31 என்பதும் இகழத்தக்கதன்று. எனினும் மூன்றில் இரண்டு பங்கு தவறாகச் சொல்லும் வைத்தியனின் பேச்சைக் கேட்டு எந்த விவசாயி மருந்து தெளிப்பான்?

அந்த ஆராய்ச்சியாளரை நான் குறை கூறவில்லை, போற்றுகிறேன். தமக்குப் பாதகமான கணக்கை மறைக்காமல் தாமே அச்சிட்டார்கள். படங்களையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்தார்கள். இலை செடியிலேயே இருக்க, பக்கத்தில் களையும் மேலே நிழலுமாக, வயலில் எடுத்த படங்கள் வேண்டும் என்பது அதனால் தெளிவாயிற்று. பின்னர் அந்த வழியில் தான்சானியாவில் மரவள்ளி வயல்களிலேயே படம் எடுத்து ஆராய்ந்தார்கள். நம் சங்கத்தாரின் வயல் ஏன் இந்த மாணவர்களுக்கு வேண்டியிருக்கிறது என்பது இப்போது புரியும். ஆய்வுக்கூடத்தில் இல்லாத பொருள் ஒன்று நம்மிடம் இருக்கிறது. இருப்பவன் பேரம் பேசலாம், இரக்க வேண்டியதில்லை.

இனி, மாணவர் ஒருவர் செய்த ஆராய்ச்சி விவசாயிகளுக்கு நேராகவே பயன்பட்ட கதை ஒன்றை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். குஜராத்தில் நடந்தது. ஸ்டான்ஃபோர்டில் கணினியியல் முனைவர் பட்ட மாணவராக இருந்த நீல் பட்டேல் என்பவர், அங்கே கிராமங்களில் வேலை செய்துவந்த ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, 'ஆவாஜ் ஓட்டலோ' என்ற ஏற்பாட்டைச் செய்தார். குரல் திண்ணை என்று நாம் சொல்லலாம். சாதாரணத் தொலைபேசியில் ஓர் எண்ணைக் கூப்பிட்டால், விவசாயி தன் சந்தேகத்தைத் தன் குரலிலேயே சொல்லிவிட்டு வைக்கலாம். மற்றவர் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு வந்த விடைகளையும் கேட்கலாம். தானும் விடை சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. 2010இல் வெளியிட்ட கட்டுரையில், 51 விவசாயிகள் ஏழு மாதம் இதைப் பயன்படுத்திய விதத்தை விவரித்திருக்கிறார்கள். ஏற்பாட்டில் பல பகுதிகள் இருந்தும், கேள்வி கேட்டு மற்றவர் கேள்விகளையும் கேட்கும் அந்தத் திண்ணைப் பகுதிதான் எல்லாவற்றிலும் விரும்பப்பட்டது. இன்னொன்று: இயந்திரத்திடம் வாயால் கட்டளை சொல்வதைக் காட்டிலும், எண் பொத்தானை அழுத்துவதையே விவசாயிகள் விரும்பினார்கள். பட்டணத்திலிருந்து யோசிப்பவர் நேர்மாறாகத்தான் எண்ணியிருப்பார்.

அதற்குப் பின் அவர்கள் செய்த சோதனைதான் என் மனத்தைக் கவர்ந்தது. விவசாயி யாருடைய பேச்சைக் கேட்கிறான், விஞ்ஞானியினுடையதையா, தன்னைப் போன்ற விவசாயியினுடையதையா என்று அறிய விரும்பினார்கள். 305 விவசாயிகளுக்கு இரண்டு வார காலத்தில் ஏழு பயிர்க் குறிப்புகளைத் தொலைபேசியில் அனுப்பினார்கள். ஏழு குறிப்புகளையும் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இருவரும் விவசாயிகள் இருவரும் தனித்தனியே பேசிப் பதிவு செய்திருந்தனர். வார்த்தை ஒன்று; குரல் வேறு. யாருக்கு எந்தக் குரல் என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டது போல அமைந்தது. குறிப்பின் தொடக்கம் மட்டும் கேட்கும். மீதி வேண்டுமானால் விவசாயியே ஓர் எண்ணுக்குப் பேச வேண்டும். யாருடைய குரலைக் கேட்டபோது அதிகம் பேர் மீதியைத் தேடிப் பேசினார்கள்? சக விவசாயியின் குரலைக் கேட்டபோது. ஆனால் சோதனைக்கு முன்னும் பின்னும் நேரில் கேட்டபோது, பெரும்பாலோர் "விஞ்ஞானி சொல்வதுதான் எங்களுக்குப் பிடிக்கும்" என்று சொன்னார்கள்!

நம் மகாசபைகளைக் கண்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. அதிகாரி மேடையில் இருக்கும்போது புதிய சாயத்தைப் புகழாதவர் யார்? வீட்டுக்குப் போன பிறகு அண்டைத் தறிக்காரரைக் கேட்டுத்தானே வாங்குகிறோம். மரியாதைக்காகச் சொல்லும் சொல் வேறு, காரியத்தில் நம்புவது வேறு என்பதை அந்த ஆராய்ச்சி அளந்து காட்டிவிட்டது. வெறுமனே வினாத்தாளை நீட்டி, 'ஆம்', 'இல்லை' என்று குறித்துக்கொண்டு போகிறவர் இதை ஒருநாளும் கண்டிருக்க மாட்டார். ஆகவே நம்மிடம் வரும் மாணவர் எத்தகையவர் என்று அறிய நல்ல வழி ஒன்று உண்டு. நாம் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்கிறாரா, அல்லது நாம் செய்வதையும் உட்கார்ந்து பார்க்கிறாரா என்று கவனிக்க வேண்டும். தறியருகே நான்கு மாதம் அமர்வேன் என்று இந்த மாணவி எழுதியிருப்பது எனக்கு அதனால்தான் பிடித்தது.

குஜராத்தில் நடந்தது பட்டத்தோடு முடிந்துபோகவில்லை. அந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டு பின்னர் ஒரு நிறுவனமே ஏற்பட்டது. ஏன் அங்கே நிலைத்தது, இங்கே நிலைக்கவில்லை? மாணவர் வருமுன்பே விவசாயிகளோடு பழகிய ஓர் அமைப்பு அங்கே இருந்தது. அது தன் ஆட்களை அந்த வேலையில் சேர்த்துப் பழக்கியது. நம் சங்கத்தில் என்ன செய்தோம்? மேசையைக் கொடுத்தோம், பெரியவர் ஒருவரைக் கொடுத்தோம். கணினியில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க நம் பிள்ளைகளில் ஒருவரையாவது அனுப்பினோமா?

தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சியையும் சொல்ல வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த தபன் பாரிக் என்பவர், மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கணக்குகளை எடுத்துக்கொண்டார். இவர் குழுக்களின் காகிதக் கணக்கை ஒழிக்க முயலவில்லை. காகிதப் படிவத்தில் சில அடையாளங்களை அச்சிட்டு, கேமரா உள்ள செல்பேசியை அதன் மேல் காட்டினால், செல்பேசி அந்த இடத்துக்குரிய தொகையைக் குரலில் கேட்கும்படி செய்தார். எண்ணை அழுத்தினால் போதும். 2006இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை, கிராமத்தவர் இதை விரைவில் கற்றுக்கொண்டனர் என்றும், பெரிய கணினியில் எழுதுவதற்கு இது பின்வாங்கவில்லை என்றும் கூறுகிறது. பேரேடு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நடுவில் இருந்தால்தான் குழுவுக்கு நம்பிக்கை இருக்கும் என்பதைச் சங்கக் கணக்குப் பார்த்தவர் எவரும் அறிவர். அதை அந்த மாணவரும் அறிந்திருந்தார். அவர் பயன்படுத்திய காலத்துச் செல்பேசிகள் இன்று கடைகளில் இல்லை. எந்த நிரலுக்கும் இந்தக் கதி உண்டு. அடியிலிருக்கும் கருவி மாறினால் மேலிருப்பது விழும். காகிதம் இருந்த குழுவுக்குக் கணக்கு மிஞ்சும்.

நெசவாளருக்கு உரிய உதாரணம் கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சொல்வேன். அங்கே லாரா டெவன்டார்ஃப் என்னும் பேராசிரியரும் மிக்கைலா ஃபிரிஸ்கே, ஷானெல் வூ என்னும் மாணவர்களும் சேர்ந்து, நெசவு வரைபடம் போடுவதற்கு 'அடாகேட்' என்ற நிரலை எழுதி, அதைப் பற்றி 2019இல் கட்டுரை வெளியிட்டார்கள். மின்சாரம் கடத்தும் நூலையும் சேர்த்து நெய்யும் துணிக்காகத் தொடங்கிய வேலை அது. நிரல் யாவர்க்கும் பொதுவாக வைக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய துணி பயன் முடிந்தபின் குப்பைக்குப் போகாமல், பிரித்து நூலை மீண்டும் எடுக்க ஏற்றபடி அதை எப்படி அமைப்பது என்பதையும் வூ 2020இல் ஆராய்ந்தார். இழையின் விலை தெரிந்தவர் கேட்கும் கேள்வி அது! இவற்றைக் காட்டிலும் நான் மெச்சுவது வேறொன்று. அந்த ஆய்வுக்கூடம் கைத்தேர்ந்த நெசவாளரை அழைத்து, சில காலம் தங்கச் செய்து, மாணவரோடு உடன் ஆராய்பவராகவே அமர்த்துகிறது. அங்கே நெசவாளர் படம் எடுக்கப்படும் பொருள் அல்லர்; கேள்வியை வகுப்பதிலேயே அவருக்குப் பங்கு உண்டு. நம் பெரியவர் பன்னையின் குற்றம், கையின் குற்றம் என்று பிரித்துக் காட்டியது எந்தப் பேராசிரியரின் பாடத்துக்கும் குறைந்ததா? அந்த ஆய்வேட்டில் அவர் பெயர் இருந்ததா என்று கூட நமக்குத் தெரியாது.

இனி எதிர்ப்பவர்களின் வாதத்துக்கு வருவோம். "நம் புட்டாக்களையும் கரைகளையும் படம் எடுத்துக்கொண்டு போய்ப் பொதுவில் போட்டுவிட்டால், நாளைக்கே விசைத்தறிக்காரன் அச்சடித்துவிடுவானே" என்கிறார்கள். இது வீண் பயமன்று. பொதுவில் வைப்பது ஆராய்ச்சிக்கு அழகு என்று இலைப் படங்களைப் பற்றி மேலே நானே புகழ்ந்தேன். தக்காளி இலையைப் படம் பிடித்தால் தக்காளிக்காரருக்கு நட்டமில்லை. ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகக் காத்துவரும் கரையைப் படம் பிடித்தால் நட்டம் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. புவிசார் குறியீடு துணியின் பெயரைக் காக்குமேயன்றி, ஒவ்வொரு கொடியையும் பூவையும் காத்து நிற்காது. 2023இல் இயற்றிய தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ மனிதரின் பெயர், முகம் போன்ற விவரங்களைப் பற்றியது. அதிலும் ஆராய்ச்சிக்குச் சில விலக்குகள் உண்டு. ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது. கரையும் புட்டாவும் படமெடுக்கப்படுமானால், அது அந்த நெசவாளர் எழுதிக் கொடுத்த சம்மதத்தின் பேரில், துணிக்குத் துணி தனித்தனியாக நடக்க வேண்டும். வெற்றுத் துணியைப் படம் எடுக்க இவ்வளவு தேவையில்லை.

இதனினும் கடினமான இன்னொரு வாதம் உண்டு. அதை வெளியே சொல்லத் தயங்குகிறார்கள். துணியின் குறையைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் வந்தால், அதை முதலில் வாங்குபவர் யார்? துணியைத் தரம் பிரித்துக் கூலியில் பிடித்தம் செய்பவர்தான். கண்ணுக்குத் தெரியாத குறையையும் அது காட்டும். காட்டியதற்கெல்லாம் காசு குறையும். நம் பெரியவர் வட்டமிட்டுக் காட்டிய குறைகளைக் கொண்டே நம் பேரர்களின் கூலியை அரிவது என்றால், அதற்கு நாம் துணை போவதா? இதற்கு என் விடை சற்று நீளமானது. குறையை அறியும் அறிவு யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. சங்கத்தின் கையில் இருந்தால், துணி தறியில் இருக்கும்போதே இழை போனதைச் சொல்லி நெசவாளருக்கு உதவும். வாங்குவோர் கையில் மட்டும் இருந்தால், மேசைக்கு வந்த பிறகு தண்டிக்கும். நாம் மறுத்துவிட்டால் அந்த மாணவி வேறெங்காவது துணியைத் தேடிக்கொள்வார். இயந்திரம் வராமல் நின்றுவிடாது. நம் கையில் மட்டும் இராது.

ஆகவே, எழுதிக் கையொப்பமிட்டு, மாணவி மட்டுமன்றி அவருடைய பேராசிரியரும் கல்லூரியும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பேன். மாணவர் போய்விடுவார், கல்லூரி போகாது. எடுக்கும் படங்கள், பதிவு செய்யும் பேச்சுகள் அனைத்திலும் ஒரு பிரதி மாதந்தோறும் சங்கத்துக்கு வர வேண்டும். கடைசியில் தருகிறேன் என்பதை ஏற்கலாகாது. நிரலின் மூல வடிவமும், சாதாரண அட்டவணையாக அச்சிட்ட குறிப்புகளும் நம்மிடம் இருக்க வேண்டும். நிரல் ஓடாமல் போனாலும் குறிப்பு நிற்கும். நம் துணிகளைக் கொண்டு பழக்கிய எதையும் கூலியைத் தரம் பிரிக்க மகாசபையின் தீர்மானம் இன்றிப் பயன்படுத்தக் கூடாது. தறியை நிறுத்திவிட்டுப் பேசும் நேரத்துக்கு நெசவாளருக்கு அன்றைய கூலிக் கணக்கில் ஈடு வேண்டும். மாணவியிடம் கேட்பது நியாயமில்லை, கல்லூரியிடம் கேட்கலாம், அதுவும் இயலாவிட்டால் சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து கொடுக்கலாம். அந்த நிதி ஆண்டுதோறும் செலவாகாமல் கிடப்பது கணக்கைப் படித்தவர்களுக்குத் தெரியும். அறிவு கொடுத்தவர்களின் பெயர், அவர்கள் விரும்பினால், ஆய்வேட்டில் வர வேண்டும். பள்ளி முடித்த நம் பிள்ளைகள் இருவர் நான்கு மாதமும் அந்த மாணவியோடு இருந்து கற்க வேண்டும்.

இவற்றோடு இன்னும் ஒன்று. ஆராய்ச்சி முடிந்ததும் அவர் இங்கே வந்து, கிடங்கு முற்றத்தில் எல்லோர் முன்னிலையிலும், என்ன கண்டார் என்று தமிழில் சொல்ல வேண்டும். வெற்றி என்றால் மட்டுமல்ல. மொகந்தியும் அவர் கூட்டாளிகளும் 31 சதவீதத்தை மறைக்காமல் அச்சிட்டது போல, ஓடவில்லை என்றால் ஓடவில்லை என்றும், எதனால் ஓடவில்லை என்றும் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு மூலையிலிருந்து யாராவது "அது அப்படியில்லை அம்மா" என்று எழுந்து பேசினால், அதையும் ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ளட்டும்.

இந்த நிபந்தனைகளையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி, தலைவரின் அனுமதியோடு அந்த மாணவிக்கு அனுப்பினேன். ஐந்தாம் நாள் பதில் வந்தது. எல்லாவற்றுக்கும் சம்மதம், கூலி ஈடு பற்றிக் கல்லூரியில் கேட்டுச் சொல்வதாகவும், மூல நிரலைத் தரப் பேராசிரியர் ஒப்புக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறார். கரை, புட்டா ஆகியவற்றைத் தொடுவதாகவே இல்லை, வெற்றுத் துணி போதும் என்றும் சொல்லியிருக்கிறார். கடிதத்தைச் சங்க அலுவலகத்தில் யாரும் பார்க்கலாம்.

மகாசபையில் தீர்மானத்தை முன்மொழிபவன் நான். அன்று சாக்கட்டியால் வட்டமிட்டுக் காட்டிய பெரியவர் வழிமொழிய இசைந்திருக்கிறார். ஆனால் அவருக்கும் ஒரு நிபந்தனை உண்டு. இந்த முறை மாதந்தோறும் வரும் படப் பிரதியைச் செயலாளர் மேசையில் வைக்கக் கூடாதாம். பேரேடுகள் இருக்கும் இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் குழுவில் இருவர் வைத்துக்கொள்ள வேண்டுமாம். அதையும் தீர்மானத்தில் சேர்த்திருக்கிறேன்.